மேப்பில் மேலே வர எதில் முதலில் கை வைப்பது: ப்ரொஃபைலா, வெப்சைட்டா, விளம்பரமா?

சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: "கூகுளில் தேடினால் அடுத்த தெருக் கடை முதலில் வருகிறது, என்னுடையது கண்ணிலேயே படவில்லை, என்ன செய்ய?" கேட்கும்போதே அவர் காதில் நாலைந்து யோசனைகள் விழுந்திருக்கும். ஒருவர் வெப்சைட் கட்டு என்றிருப்பார், ஒருவர் விளம்பரம் போடு என்றிருப்பார், இன்னொருவர் போன் செய்து, மாதாமாதம் பணம் கொடுத்தால் முதல் இடத்தில் நிறுத்திக் காட்டுகிறேன் என்றிருப்பார். இவற்றில் பெரும்பாலானவை எங்கோ ஒருவருக்குப் பலன் தந்த வழிகள்தான். ஆனால் கையில் இருக்கும் நேரமும் பணமும் கொஞ்சம்தான் என்னும்போது எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதைத் தொடவே கூடாது என்று பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "பல் டாக்டர்", "பைக் மெக்கானிக்", "தையல் கடை" என்று யாராவது போனில் தேடினால் அவருக்கு வருவது இரண்டு பட்டியல்கள். மேப்போடு சேர்ந்து மூன்று கடைகள் வரும் (2015 ஆகஸ்டுக்கு முன் அங்கே ஏழு வரை வந்துகொண்டிருந்தன, இப்போது இடம் அவ்வளவு நெருக்கடி), அதற்குக் கீழே வழக்கமான வெப்சைட் லிங்குகள். மேப் பட்டியலுக்கு ஒரு கணக்கு, லிங்குகளுக்கு வேறு கணக்கு. வெப்சைட்டுக்கு நிறையச் செலவழித்துவிட்டு மேப்பில் ஏன் வரவில்லை என்று தவிப்பவர்கள் பலர், இந்த வித்தியாசத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மேப் கணக்கில் எதைப் பார்க்கிறோம் என்பதைக் கூகுளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் எவ்வளவு பொருத்தம், தேடுகிறவர் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், உங்கள் தொழில் எந்த அளவுக்கு அறியப்பட்டது. பணம் கொடுத்து இந்த வரிசையில் முன்னேற முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மூன்றில் தூரம் உங்கள் கையில் இல்லை. உங்கள் கடை வாசலில் நின்று தேடினால் முதலில் வருவீர்கள், ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்று தேடுகிறவருக்கு நீங்கள் பத்தாவதாகக்கூட வராமல் போகலாம், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும். அதனால் "நான் எத்தனையாவது இடத்தில் இருக்கிறேன்" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. "முதல் இடம் உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால், எங்கே நின்று தேடுகிறவருக்கு என்று திருப்பிக் கேளுங்கள், பேச்சு அங்கேயே தடுமாறும்.

ஆக, நாம் தள்ளி நகர்த்தக்கூடியவை பொருத்தமும், எந்த அளவுக்கு அறியப்பட்டிருக்கிறோம் என்பதும்தான். எந்த வழி இவற்றை எவ்வளவு நகர்த்துகிறது என்று பார்ப்போம்.

முதலில் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது உங்கள் தொழிலின் பெயர், நேரம், போன் நம்பர், ரிவ்யூ எல்லாவற்றையும் கூகுளில் காட்டும் பதிவு. 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது இதுதான். காசு கிடையாது. மேப் பட்டியலில் வருவது இந்த ப்ரொஃபைல்தான் என்பதால், இது சரியில்லாமல் வேறு எதைச் செய்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. பலருக்கு ப்ரொஃபைல் இருக்கிறது, ஆனால் ஒருமுறை திறந்து வைத்துவிட்டு மறந்துபோயிருப்பார்கள்.

இதில் அதிக எடை உள்ளது கேட்டகரி, அதாவது உங்கள் தொழில் எந்த வகை என்று நீங்கள் தேர்வு செய்வது. முதன்மையாக ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை வைத்துக்கொள்ளலாம். முதன்மை கேட்டகரியைத் தவறாக வைத்திருப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு, அதைத் திருத்த இரண்டு நிமிடம்கூட ஆகாது. உங்களுக்கு வருமானம் தரும் வேலை கார் ஏசி ரிப்பேர் என்றால் "ஆட்டோமொபைல் கடை" என்று பொதுவாக வைப்பதைவிட அந்த வேலையை நேராகச் சொல்லும் கேட்டகரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உங்கள் பகுதியில் மேலே வரும் மூன்று பேர் எந்தக் கேட்டகரியில் இருக்கிறார்கள் என்பது அவரவர் ப்ரொஃபைலிலேயே பெயருக்குக் கீழே தெரியும். எல்லாக் கேட்டகரியையும் வாரி நிரப்பவும் வேண்டாம், நீங்கள் உண்மையில் செய்யும் வேலைகளுக்கு உள்ளவை போதும்.

அடுத்து பெயர். போர்டில் என்ன பெயரோ அதுதான் ப்ரொஃபைலிலும் இருக்கவேண்டும் என்பது விதி. பெயருக்குப் பின்னால் "சிறந்த பைக் சர்வீஸ் 24 மணி நேரம்" என்று ஒட்டிவிட்டால் மேலே ஏறலாம் என்று சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். மறைக்காமல் சொல்கிறேன், பெயரில் இருக்கும் சொற்கள் தேடலில் உதவத்தான் செய்கின்றன, அதனால்தான் அந்தப் பழக்கம் ஒழியவில்லை. 2021 டிசம்பரில் கூகுள் செய்த மாற்றத்துக்குப் பிறகு அந்தப் பலன் முன்பைவிடக் குறைந்துவிட்டது, தூரத்தின் எடை கூடிவிட்டது என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் பலர் கவனித்த ஒன்று. மாட்டினால் ப்ரொஃபைலே முடக்கப்படும், திரும்ப வாங்கக் காத்துக் கிடக்கவேண்டும், அந்த நாட்களில் மேப்பில் நீங்கள் இல்லவே இல்லை. கிடைக்கும் கொஞ்ச உயரத்துக்கு இந்த ஆபத்து தேவையில்லை. போட்டிக் கடைக்காரர் அப்படிச் செய்திருந்தால், அவர் ப்ரொஃபைலில் "திருத்தம் பரிந்துரை" என்பதை அழுத்திப் போர்டில் உள்ள சரியான பெயரை அனுப்புங்கள், அது நேர்மையான வழி, பல நேரம் பலிக்கும்.

அந்தத் திருத்த வசதி எல்லோருக்கும் திறந்தது என்பதையும் மறக்கவேண்டாம். உங்கள் திறக்கும் நேரத்தை, போன் நம்பரை, ஏன் கடை மூடிவிட்டது என்பதைக்கூட வெளியாள் யாராவது பரிந்துரைக்க முடியும். மாதத்துக்கு இரண்டு முறையாவது உள்ளே போய்ப் பாருங்கள். விடுமுறை நாட்களின் நேரத்தை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், திறந்திருக்கிறது என்று நம்பி வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர் எழுதும் ரிவ்யூ ரொம்பக் கசப்பாக இருக்கும், அவர் மேல் தப்பும் கிடையாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, உரிமையாளர் நீங்கள்தான் என்பதைக் கூகுள் சரிபார்க்கும். இப்போது பலருக்கு வீடியோ எடுக்கச் சொல்லி வருகிறது: தெரு, போர்டு, உள்ளே உள்ள கருவிகள், பூட்டைத் திறந்து நீங்கள் உள்ளே போவது எல்லாம் வெட்டாமல் ஒரே வீடியோவாக. போர்டு மாட்டுவதற்கு முன் இதற்கு அவசரப்படாதீர்கள்.

இனி ரிவ்யூ. மற்ற எதற்குக் கொடுக்கும் நேரத்தைவிடவும் இதற்குக் கூடக் கொடுக்கலாம் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் இது ஒன்றுதான் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. வரிசையில் ஏற உதவுகிறது, ஏறிய பிறகு அந்த மூன்றில் உங்களைத் தட்ட வைப்பதும் இதுதான். மூன்றாவது இடத்தில் இருந்தாலும் நல்ல ரிவ்யூக்கள் உள்ள கடைக்குத்தான் நானே போன் செய்வேன், நீங்களும் அப்படித்தான்.

கேட்டால்தான் கிடைக்கும். வேலை முடிந்து வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கும் அந்த நிமிடத்தில் நேரில் கேட்டுவிட்டு, உடனே லிங்கை மெசேஜில் அனுப்பவேண்டும். ப்ரொஃபைலிலேயே ரிவ்யூ கேட்பதற்கான லிங்க் இருக்கிறது, அதை கியூஆர் கோடாக அச்சடித்துக் கல்லாப் பக்கம் ஒட்டலாம். என்ன வேலை செய்தோம் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், "சூப்பர்" என்ற ஒற்றைச் சொல்லைவிட "கியர் பாக்ஸ் பிரச்சினையை அன்றைக்கே சரிசெய்து கொடுத்தார்" என்ற வரி அடுத்துப் படிக்கிறவருக்கு எவ்வளவோ பயன்படும். ஒரே வாரத்தில் நாற்பது வாங்கிவிட்டு ஒரு வருடம் சும்மா இருப்பதைவிட, வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று நிற்காமல் வருவது நல்லது.

செய்யக்கூடாதவையும் உண்டு. ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி, பரிசு என்பது விதிப்படி தடை. முதலில் வாடிக்கையாளரிடம் பிடித்ததா என்று கேட்டுவிட்டு, பிடித்தது என்பவர்களுக்கு மட்டும் லிங்க் அனுப்புவதும் 2018 முதல் தடை. காசுக்கு ரிவ்யூ விற்கிறவர்களிடம் வாங்கினால் அவை ஒருநாள் மொத்தமாக மறைந்துபோகும், அதோடு குறிப்பிட்ட காலத்துக்குப் புது ரிவ்யூவே வராதபடி தடுப்பது, போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்று ப்ரொஃபைலிலேயே எச்சரிக்கை காட்டுவது வரை கூகுள் போகிறது. எல்லாவற்றுக்கும் மேல், அது உங்களை நம்பி வருகிறவரை ஏமாற்றுவது. கெட்ட ரிவ்யூ வந்தால் அன்றே கோபத்தில் பதில் எழுதவேண்டாம். ஒருநாள் கழித்து, நடந்ததை ஒப்புக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்று நாலு வரி எழுதுங்கள், அந்தப் பதிலைப் படிக்கப்போவது அவர் ஒருவர் மட்டும் கிடையாது.

சரி, வெப்சைட். கடைக்கு வாடிக்கையாளர் வருகிற தொழில் என்றால் வெப்சைட் இரண்டாவதாக வரலாம், அவசரம் இல்லை. நீங்கள் வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்குப் போகிற தொழில் என்றால் (பிளம்பர், எலக்ட்ரீஷியன், பூச்சி மருந்து அடிப்பவர், வீட்டுக்கே வந்து பாடம் எடுக்கிறவர்) கதை மாறிவிடுகிறது. அப்படிப்பட்ட தொழிலுக்கு ப்ரொஃபைலில் முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகள் என்று இருபது வரை போட்டுக்கொள்ளலாம். இருபது ஊர் போட்டுவிட்டால் இருபதிலும் மேலே வருவோம் என்று நினைக்கிறார்கள், அப்படி நடப்பதில்லை. அந்தப் பட்டியல் பார்க்கிறவருக்குத் தகவல், அவ்வளவுதான், சரிபார்ப்புக்குக் கொடுத்த முகவரியைச் சுற்றித்தான் நீங்கள் மேப்பில் வலுவாகத் தெரிவீர்கள். தூரத்துப் பகுதிகளில் உங்களைக் கண்டுபிடிக்க வைக்க வெப்சைட்டுக்குத்தான் வாய்ப்பு அதிகம், மேப்புக்குக் கீழே உள்ள லிங்குகளில் தூரத்தின் பிடி அவ்வளவு இறுக்கமாக இல்லை.

ஆனால் எப்படிப்பட்ட வெப்சைட் என்பது முக்கியம். ஒரே பக்கத்தை எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஐம்பது பக்கம் போடுவதைக் கூகுள் ஸ்பேம் என்றே சொல்கிறது. அதற்குப் பதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: வேலை எப்படி நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும், எப்போது ரிப்பேர் செய்யலாம், எப்போது புதிதாக வாங்கிவிடுவது நல்லது, நீங்களே எடுத்த படங்கள். ஒரு பகுதிக்குத் தனிப் பக்கம் வேண்டுமென்றால் அங்கே நீங்கள் செய்த வேலைகளைப் பற்றி எழுதும் அளவுக்கு விஷயம் இருக்கவேண்டும். போனில் வேகமாகத் திறக்கவேண்டும், போன் நம்பர் மேலேயே தட்டினால் அழைக்கிற மாதிரி இருக்கவேண்டும். பெயர், முகவரி, நேரம் இவற்றைத் தேடுபொறிக்குப் புரியும் வடிவில் குறியிடும் வசதி 2011 முதல் இருக்கிறது, வெப்சைட் கட்டுகிறவரிடம் லோக்கல் பிசினஸ் ஸ்கீமா போட்டுவிடுங்கள் என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

வெப்சைட்டுக்காகப் பேச எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ப்ரொஃபைலிலிருந்து இலவசமாக ஒரு பக்க வெப்சைட் உருவாக்கும் வசதியைக் கூகுள் கொடுத்து வந்தது, 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டது. அதையே நம்பி விசிட்டிங் கார்டிலும் வண்டியிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் எல்லாவற்றையும் மாற்றவேண்டி வந்தது. அதே ஆண்டு ஜூலையோடு ப்ரொஃபைலில் இருந்த சாட் வசதியும் போய்விட்டது. ப்ரொஃபைல் வாடகை வீடு, உங்கள் பெயரில் வாங்கிய டொமைனில் (வெப்சைட்டின் இணைய முகவரியில்) இருக்கும் வெப்சைட் சொந்த வீடு. வாடகை வீட்டில்தான் இப்போதைக்கு வியாபாரம் நடக்கிறது என்றாலும், சின்னதாக ஒரு சொந்த இடம் இருப்பது நிம்மதி. டொமைன் உங்கள் பெயரில்தான் இருக்கவேண்டும், வெப்சைட் கட்டுகிறவர் பெயரில் இல்லாமல்.

தொழில்களைப் பட்டியலிடும் மற்ற தளங்களில், அதாவது டைரக்டரிகளில், பதிவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும், பழைய நம்பர் எங்காவது கிடந்தால் திருத்தவேண்டும். மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறிக்கான பிங் பிளேசஸில் கூகுள் ப்ரொஃபைலிலிருந்தே விவரங்களை இறக்குமதி செய்துகொள்ளலாம், ஆப்பிளின் மேப்புக்கு 2023 முதல் பிசினஸ் கனெக்ட் என்ற தனி வசதி வந்தது. உங்கள் தொழிலுக்கென்று மக்கள் உண்மையில் திறந்து பார்க்கும் டைரக்டரி ஒன்றிரண்டு இருந்தால் அவையும். ஒரு மதிய நேரத்தில் முடிகிற வேலை. முந்நூறு டைரக்டரியில் பதிந்து தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

விளம்பரம் வேறு ரகம். மேலே சொன்னவை எல்லாம் மெதுவாக ஏறும், ஏறியது சட்டென்று இறங்காது. விளம்பரம் இன்று போட்டால் இன்றே தெரியும், பணத்தை நிறுத்தினால் அந்த நிமிடமே மறையும். விளம்பரத்துக்குக் கிடைக்கும் கிளிக்குகள் உங்களை இலவசப் பட்டியலில் ஏற்றிவிடாது, இதைப் பலர் தவறாக நம்புகிறார்கள். புதிதாகத் திறந்த கடை, ரிவ்யூ இன்னும் சேரவில்லை, இந்த மாதமே ஆள் வரவேண்டும் என்றால் விளம்பரம் சரி. குழாய் உடைந்தது, கார் நடுவழியில் நின்றது என்று அவசரத்தில் தேடப்படும் தொழிலுக்கும் சரி, அந்த நேரத்தில் யாரும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. சில நாடுகளில் கிளிக்குக்குப் பதில், வரும் விசாரணைக்கு மட்டும் பணம் வாங்கும் லோக்கல் சர்வீசஸ் விளம்பரமும் உண்டு, உங்கள் நாட்டில், உங்கள் தொழிலுக்கு அது இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கூகுளில் விளம்பரம் போடும் தளமான கூகுள் ஆட்ஸில் பணம் வீணாகும் ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இடத்தைத் தேர்வு செய்யும்போது, அந்தப் பகுதியில் இருப்பவர்களோடு அந்தப் பகுதியில் ஆர்வம் காட்டுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளும் தேர்வுதான் தானாக அமைந்திருக்கும். ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை பார்க்கிற ஒருவருக்கு, எங்கோ தூரத்தில் உட்கார்ந்து தேடுகிறவரின் கிளிக்கால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அங்கே இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். அப்புறம், ப்ரொஃபைலை விளம்பரக் கணக்கோடு இணைத்தால்தான் விளம்பரம் முகவரியோடு மேப்பிலும் வர வழி பிறக்கும்.

கடைசியாக ஏஜென்சி. நல்லவர்கள் இருக்கிறார்கள், நேரமே இல்லாதவருக்கு அவர்கள் பெரிய உதவி. ஆனால் நான் பார்த்ததில் மிகவும் வருத்தப்பட்ட ஒரு விஷயம் இதில்தான் நடந்தது. எனக்குத் தெரிந்த ஒருவருடைய ப்ரொஃபைலை ஓர் ஏஜென்சி தன் மின்னஞ்சலிலேயே தொடங்கி வைத்திருந்தது, இரண்டு வருடம் அவர் வாடிக்கையாளரிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த ரிவ்யூ எல்லாம் அதில்தான் இருந்தது, ஒப்பந்தத்தை நிறுத்தியதும் உள்ளே போக வழியில்லாமல் போனது. உரிமையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்து, ஆதாரம் அனுப்பி, வாரக்கணக்கில் அலைந்தார். முதன்மை உரிமையாளர் எப்போதும் நீங்கள்தான், அவர்கள் மேனேஜர் மட்டும், இது எழுத்தில் இருக்கட்டும். மாதாமாதம் என்ன வேலை செய்வீர்கள் என்று கேளுங்கள். "ரகசிய முறை" என்று பதில் வந்தால் வேண்டாம். ரிவ்யூ கேட்பதை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க முடியாது, வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தவர் நீங்கள்.

என்னிடம் கேட்டால் வரிசை இப்படி. கடைக்கு ஆள் வருகிற தொழிலா, முதல் மூன்று மாதம் ப்ரொஃபைலும் ரிவ்யூவும் மட்டும், ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். வாடிக்கையாளரிடம் போகிற தொழிலா, அதோடு கூடவே நாலைந்து பக்கம் உள்ள வெப்சைட்டையும் தொடங்குங்கள். புதுக் கடையா, ப்ரொஃபைலைச் சரிசெய்துவிட்டுச் சின்னத் தொகைக்கு விளம்பரம், ரிவ்யூ சேரச் சேர விளம்பரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நேரில் யாரையும் சந்திக்காமல் முழுக்க ஆன்லைனிலேயே விற்கிறவர்களுக்கு இந்த ப்ரொஃபைலுக்குத் தகுதியே இல்லை, அவர்கள் வெப்சைட்டோடு நேராகத் தொடங்கவேண்டும், பொய்யாக ஒரு முகவரி வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

பலன் வந்ததா என்பதை உங்கள் போனில் உங்கள் தொழிலையே தேடிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நீங்கள் கடைக்குள் உட்கார்ந்துதான் தேடுவீர்கள். ப்ரொஃபைலில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் எத்தனை பேர் அழைத்தார்கள், வழி கேட்டார்கள், வெப்சைட்டைத் தட்டினார்கள் என்று மாதவாரியாக இருக்கிறது. தொடங்கும் முன்பே அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மூன்று மாதம் கழித்தும் எண்கள் அசையவில்லை என்றால், கேட்டகரியை இன்னொரு முறை பார்த்துவிட்டு, மேப்பில் மேலே வரும் மூன்று பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். மூவரும் மக்கள் கூடும் மையப் பகுதியில் அடுத்தடுத்து இருந்து, நீங்கள் ஓரத்தில் இருந்தால், அந்த மையத்தில் நின்று தேடுகிறவருக்கு அவர்களைத் தாண்டி நீங்கள் தெரிவது கடினம், உங்கள் உழைப்பில் குறை இல்லை. அப்போது மையத்தை விட்டுவிட்டு, உங்களைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் வையுங்கள், மையத்தில் இருப்பவர்களுக்கு வெப்சைட்டில் ஒவ்வொரு வேலைக்கும் நல்ல பக்கம் எழுதிக் கீழே உள்ள லிங்குகளில் இடம் பிடியுங்கள்.